ஹைப்ரிட் கார் பிரேக் தொல்லைகள்: எதற்கு ஷெட்டுக்குப் போகணும், எதற்கு வேண்டாம்

மைலேஜ் ரெண்டு கிலோமீட்டர் குறைந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம். பிரேக் மிதிக்கும்போது காலடியில் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் அப்படிப் பொறுக்க முடியாது, வயிற்றைக் கலக்கும். ஹைப்ரிட் கார்களில் இந்தக் கலக்கம் அடிக்கடி வரும். காரணம், பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் மிதிக்கும் அளவைப் பார்த்து, எவ்வளவு வேகத்தை மோட்டார் இழுத்து பேட்டரிக்கு அனுப்பணும், எவ்வளவை பிரேக் பேட் தேய்த்துச் சூடாக்கணும் என்று நொடிக்கு நொடி அது பங்கு பிரிக்கும். மோட்டார் பக்கத்துப் பங்குதான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், சுருக்கமாக ரீஜென்.

"ரீஜென் போயிடுச்சு" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றில் எந்தப் பாகமும் போயிருக்காது. பேட்டரி "இப்போது வேண்டாம்" என்று சொல்லியிருக்கும், கம்ப்யூட்டர் மொத்த வேலையையும் பேடுக்குத் தள்ளியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நிஜமாகவே கெட்டுப்போகிற ஒரு பக்கமும் உண்டு. அது பிரேக் ஆயில் ஓடுகிற ஹைட்ராலிக் பக்கம். அங்கே அசட்டை கூடாது. கீழே இருப்பதில் உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற அறிகுறியைத் தேடிப் படியுங்கள், எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை.

முதலில் ஒரு கணக்கு, பின்னால் பல இடத்தில் உதவும். ஆட்களோடு 1,500 கிலோ இருக்கிற கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 208 கிலோஜூல். நம் கரண்ட் பில் கணக்கில் 0.058 யூனிட். அதை 5 விநாடியில் நிறுத்தினால் சராசரியாக 42 கிலோவாட் எங்காவது போயாக வேண்டும். 12 விநாடி எடுத்து நிறுத்தினால் 17 கிலோவாட்தான். ஹைப்ரிட்டில் இருக்கிற சின்ன பேட்டரி இரண்டாவதை ஏற்றுக்கொள்ளும். முதலாவதில் பாதிக்கு மேல் பேடில்தான் எரியும்.

"ரீஜென் நடப்பதே தெரியவில்லை"

உங்களுடையது எந்த வகை ஹைப்ரிட் என்று முதலில் பாருங்கள். மாருதியின் எர்டிகா, எக்ஸ்எல்6 போன்றவற்றில் வரும் "ஸ்மார்ட் ஹைப்ரிட்" ஒரு மைல்ட் ஹைப்ரிட். பெல்ட்டில் ஓடும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி. கொள்ளளவு சுமார் 72 வாட் அவர். ஒரு டேபிள் ஃபேனை ஒன்றரை மணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். இதில் பிரேக் இழுப்பை உங்கள் கால் உணர வாய்ப்பே இல்லை. திரையில் அம்புக்குறி பேட்டரிப் பக்கம் ஓடினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் மாடல்கள், ஹோண்டா சிட்டி இஹெச்இவி, பழைய கேம்ரி ஹைப்ரிட், பிரியஸ் எல்லாம் ஸ்ட்ராங் ஹைப்ரிட். இலங்கையில் நிறைய ஓடும் அக்வா, வெசல் ஹைப்ரிட்டும் இந்தப் பக்கம்தான். இவற்றில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பவர் மீட்டர் முள் சார்ஜ் பகுதிக்கு இறங்கணும், பிரேக்கை லேசாகத் தொட்டால் இன்னும் இறங்கணும். இறங்கவில்லை என்றால் கியர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி விடுகிற பழைய பழக்கம் நம்மில் பலருக்கும் கையிலேயே ஊறிப்போனது. ஹைப்ரிட்டில் நியூட்ரல் போட்டால் ரீஜென் கிடையாது, பேட்டரி சார்ஜும் ஏறாது. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து மிச்சத்தை ரோட்டில் கொட்டுகிறோம். சிக்னலில் அரை மணி நேரம் நியூட்ரலில் ஏசி போட்டு நின்றால் பேட்டரி காலியாவதும் இதனால்தான். டி-யிலேயே விட்டுவிடுங்கள்.

"மலை இறங்கும்போது பாதியில் எஞ்சின் தானாக இரைகிறது, இழுப்பும் மாறுகிறது"

அதிகம் பயமுறுத்துகிற அறிகுறி இது. அதில் துளிக் கோளாறும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அடிவாரம் வரை ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். 1,500 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது கையில் வருவது ஏழே முக்கால் யூனிட். டயர் உருளும் தடையிலும் காற்றிலும் ரெண்டரை யூனிட் போனாலும் ஐந்து யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஹைரைடர், கிராண்ட் விட்டாராவில் இருக்கிற பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட். அதிலும் முழுசாக நிரப்பவோ முழுசாகக் காலி செய்யவோ கம்ப்யூட்டர் விடாது. பாதி சார்ஜோடு மலை உச்சியில் கிளம்பினால், நூறு நூற்றைம்பது மீட்டர் உயரம் இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். மிச்ச மலை முழுவதும் இடமில்லாத பேட்டரியோடுதான் இறங்கணும்.

அப்போது வண்டி என்ன செய்யும்? டொயோட்டா அமைப்பில் இரண்டு மோட்டார் ஜெனரேட்டர் இருக்கும். வண்டியை இழுப்பதும் ரீஜென் பிடிப்பதும் பெரியது. சின்னது எஞ்சினோடு சேர்ந்தது. பேட்டரி நிரம்பியதும் பெரியது தயாரிக்கிற கரண்டைச் சின்னது தின்று, பெட்ரோல் ஊற்றாமலே எஞ்சினைச் சுழற்றும். காற்றை அமுக்கித் தள்ளுவதிலேயே அந்தச் சக்தி கரைந்துபோகும். நீங்கள் கேட்கிற இரைச்சல் அதுதான். அந்த நேரத்தில் திரையில் உடனடி மைலேஜைப் பாருங்கள், உச்சத்தில் நிற்கும். பெட்ரோல் குடிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

செய்ய வேண்டியது: இறக்கம் ஆரம்பிக்கிற இடத்திலேயே கியரை B என்று எழுதியிருக்கும் நிலைக்கு மாற்றுங்கள் (பார்க்கிங் P இல்லை). பேட்டரி நிரம்புகிற வரை காத்திருக்காதீர்கள். சிட்டி இஹெச்இவியில் ஸ்டியரிங் பின்னால் விரலால் இழுக்கிற சின்னத் தகட்டால் (பேடில்) இழுப்பைக் கூட்டலாம். பிரேக் பெடலை ஓயாமல் லேசாக அழுத்திக்கொண்டே வருவதைத் தவிருங்கள். வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, பேட் ஆற விடுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியார் வால்பாறைச் சாலையில் 40. இந்தப் பாதைகளில் கருகிய வாடை மூக்கில் ஏறினால் ஓரம் கட்டி இருபது நிமிஷம் நில்லுங்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். பக்கத்துக் கடைக்காரர் குடத்தோடு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இறங்கும்போது ஏசியைத் தாராளமாகப் போடலாம். பேட்டரியில் கொஞ்சம் இடம் காலியாகும், காசும் ஆகாது. சமதரையில் B-யில் வைத்து ஓட்டினால் ரீஜென் கூடும் என்று சிலர் சொல்வார்கள். தேவையில்லாமல் எஞ்சினையும் சேர்த்துச் சுழற்றி மைலேஜைக் குறைக்கும் வேலை அது, செய்யாதீர்கள்.

"பள்ளத்தில் சக்கரம் ஏறும்போது ஒரு கணம் பிரேக் விட்ட மாதிரி இருக்கு"

நீங்கள் சிக்னலை நோக்கி மெதுவாகப் பிரேக் பிடித்து வருகிறீர்கள். மேன்ஹோல் மூடி, மணல், ரோட்டுப் பள்ளம், ஏதோ ஒன்றின் மேல் முன் சக்கரம் ஏறி இறங்குகிறது. அந்த நொடியில் வண்டி முன்னால் நழுவுகிற மாதிரி வயிறு இறங்கும். உடனே மறுபடி பிடித்துக்கொள்ளும்.

நடப்பது இது: முன் சக்கரம் வழுக்குவதை ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உணர்ந்ததும் ரீஜென் உடனே அறுந்துவிடும், ஏனென்றால் மோட்டார் பிடி முன் சக்கரத்தில் மட்டும்தான். அந்த இடத்தை ஹைட்ராலிக் பிரேக் எடுத்துக்கொள்ளும். கைமாறுகிற அந்தச் சிறு இடைவெளியும், மோட்டாரும் பேடும் இழுக்கிற விதத்தில் இருக்கும் வித்தியாசமும் சேர்ந்துதான் அந்த நழுவல். அப்படியே காலை எடுக்காமல் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் வண்டி நிற்கும்.

இதைப் பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸில் இந்தப் புகார் பெரிதாகக் கிளம்பி, 2010 பிப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுக்க சுமார் 4,37,000 ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்து ஏபிஎஸ் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பின் வந்த வண்டிகளில் இந்தக் கைமாற்றம் எவ்வளவோ நைசாகிவிட்டது, ஆனாலும் முற்றிலும் மறையவில்லை. பழைய இறக்குமதி பிரியஸ் வைத்திருப்பவர்கள் அந்த மாற்றம் தங்கள் வண்டிக்குச் செய்யப்பட்டிருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கோளாறு எப்போது? பள்ளமும் மணலும் இல்லாத நல்ல ரோட்டில், காய்ந்த நாளில், இது திரும்பத் திரும்ப வந்தால். முதலில் டயரைப் பாருங்கள். தேய்ந்த டயரும் ஏறுக்குமாறான காற்றும் ஏபிஎஸ்ஸை வீணாக எழுப்பும். அடுத்து சக்கர வேக சென்சார். அதன் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தாலும், எலி கடித்து வயர் அரைகுறையாகத் தொங்கினாலும் வேகம் தப்பாகப் போகும். இதற்கு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் ஒன்றாகப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"நிற்கப்போகிற கடைசி நொடியில் வெடுக்கென்று பிடிக்கிறது"

வேகம் சுமார் 10 கிலோமீட்டருக்குக் கீழே போனதும் மோட்டாரால் பிடிக்க முடியாது. அங்கே பேட் பொறுப்பெடுக்கும். பேடும் டிஸ்கும் சுத்தமாக இருந்தால் அந்த மாற்றம் தெரியாது. டிஸ்கில் துரு படர்ந்திருந்தால் தெரியும். ஹைப்ரிட்டில் பேட் தேய்வதே அபூர்வம் என்பதால் துருவைச் சுரண்டி எடுக்க ஆளில்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று ஊர்களில் நாலு நாள் வண்டி நின்றாலே டிஸ்க் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். காலையில் முதல் தெருமுனையில் "கர்ர்" என்று அரைத்து, பத்து நிமிஷத்தில் சரியானால் விட்டுவிடுங்கள்.

நாள் முழுக்க அரைத்தால், ஆளில்லாத நேரான ரோட்டில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, 50 வேகத்திலிருந்து நியூட்ரலில் போட்டு நாலைந்து தடவை நன்றாகப் பிரேக் பிடியுங்கள். நியூட்ரலில் ரீஜென் இல்லாததால் முழு வேலையும் பேடுக்குப் போகும், துரு கழன்றுவிடும். மேலே நியூட்ரல் வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

அப்படியும் போகவில்லை என்றால் காலிப்பர் ஸ்லைடு பின், அதாவது பேடை டிஸ்கில் அழுத்துகிற காலிப்பர் முன்னும் பின்னும் நழுவுகிற கம்பி. நான் கழற்றிப் பார்க்கச் சொல்கிற முதல் பாகம் இதுதான். சாதாரணக் காரில் பேட் மாற்றும்போதெல்லாம் இந்தப் பின்னைக் கழற்றி கிரீஸ் போடுவார்கள். ஹைப்ரிட்டில் பேட் லேசில் தீராது, அதனால் வருஷக்கணக்கில் அதை யாரும் தொடுவதே இல்லை. ரப்பர் மூடிக்குள் கிரீஸ் காய்ந்து பழுப்பாகி பின் இறுகியிருக்கும். உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் புதுசு மாதிரி இருக்கும். சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறவர் வெளிப்பேடைப் பார்த்து "அருமையா இருக்கு சார்" என்று அனுப்பிவிடுவார். பேட் தடிமன் மிச்சம் இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை காலிப்பரைத் திறந்து பின்னுக்கு கிரீஸ் போடச் சொல்லிக் கேளுங்கள்.

"மத்தியானத்தில் ரீஜென் மந்தம், பின்சீட் பக்கம் ஃபேன் ஊளையிடுகிறது"

பேட்டரி சூடாகிவிட்டது. சூடான பேட்டரியில் சார்ஜை வேகமாகத் தள்ளினால் ஆயுள் குறையும் என்பதால் கம்ப்யூட்டர் உள்ளே விடும் அளவைக் குறைக்கும். மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் வெட்டவெளியில் நிறுத்திய வண்டியில் இது இயல்பு. ஏசியைப் போட்டு கேபின் குளிர்ந்ததும் பேட்டரியும் ஆறும். பல ஹைப்ரிட்களில் பேட்டரிக்குப் போகும் காற்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபினிலிருந்துதான் போகிறது.

ஏசி ஓடி அரை மணி ஆன பிறகும் ஃபேன் குறையவில்லை என்றால் அந்தக் காற்று போகும் வழியைத் தேடுங்கள். பின்சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ கம்பிவலை போன்ற ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்பது ஓனர் மேனுவலில் படத்தோடு இருக்கும். அதன் மேல் துண்டு, பள்ளிக்கூடப் பை, அரிசி மூட்டை ஏதாவது சாய்ந்திருக்கிறதா? எடுத்துப் போடுங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு முடிந்தது.

இல்லையென்றால் மூடியின் கிளிப்பை விரலால் நெம்பிக் கழற்றுங்கள். வண்டியை அணைத்துவிட்டுத்தான். பின்னால் சல்லடைத் துணி மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கும். சுத்தமாக இருந்தால் அதன் கண்கள் தெரியும். ஊரில் ஓடிய வண்டியில் சாம்பல் நிறக் கம்பளி போர்த்திய மாதிரி தூசி படிந்திருக்கும். வீட்டில் நாய் இருந்தால் முடியும் சேர்ந்து. தூசியை உள்ளே தள்ளிவிடாமல் ஃபில்டரை வெளியே எடுத்து, வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். காற்றுப்பாதை ஓட்டையில் தண்ணீரோ கம்ப்ரசர் காற்றோ அடிக்க வேண்டாம். ஃபில்டருக்கு உள்ளேயும் தூசி போயிருந்தால் ஃபேனைக் கழற்றணும், அது ஷெட் வேலை. ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

"சார்ஜ் கோடு சரசரவென்று ஏறி இறங்குகிறது"

பழைய பிரியஸில் திரையில் எட்டுக் கோடும் நிரம்பியிருந்தாலும் பேட்டரி உள்ளே 80 சதவீதம்தான். கீழ்க்கோடு 40 சதவீதத்தை ஒட்டியது. நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்சம்தான் புழக்கத்துக்கு. பேட்டரி வயதாகும்போது அந்தக் கொஞ்சமும் சுருங்கும். ஒரு சிக்னலில் ரெண்டு கோடு இறங்கும், அடுத்த மேம்பால இறக்கத்தில் மூணு கோடு ஏறும். ரீஜென் நன்றாகப் பிடிக்கிற மாதிரியே தோன்றும், ஆனால் வாங்கி வைக்கப் பாத்திரம் இல்லை. மைலேஜ் விழும்.

ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற சாக்கெட்) புளூடூத் கருவி ஒன்றை மாட்டி, ஹைப்ரிட் தகவல் படிக்கிற ஆப்பில் பேட்டரி பிளாக் வோல்டேஜைப் பாருங்கள். பிரியஸ் பேட்டரி 28 சின்னப் பேட்டரிகளால் (மாட்யூல்) ஆனது, இரண்டிரண்டாகச் சேர்ந்து 14 பிளாக். வண்டி நிற்கும்போது எல்லாமே ஒன்றுபோலக் காட்டும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போதும், நன்றாக ரீஜென் பிடிக்கும்போதும் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது ஒரே பிளாக் மட்டும் திரும்பத் திரும்ப மற்றவற்றிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு மேல் விலகினால் அது போய்க்கொண்டிருக்கிறது. P0A80 என்ற கோளாறு எண் வந்தால் பேட்டரியை மாற்றச் சொல்கிறது என்று பொருள்.

கெட்ட மாட்யூலை மட்டும் எடுத்துவிட்டு வேறு பழையதைச் சொருகித் தருவதாகச் சொல்வார்கள். செலவு குறைவு, ஆனால் மிச்ச 27-ம் அதே வயது, அடுத்தது எது என்பது காலத்தின் கையில். விற்கப்போகிற வண்டிக்கு வேண்டுமானால் செய்யலாம், வைத்து ஓட்டுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியாவில் விற்கும் டொயோட்டா, மாருதி ஸ்ட்ராங் ஹைப்ரிட்களுக்கு பேட்டரி உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்குள் இருந்தால் வெளியே யாரையும் பேட்டரி மூடியைத் திறக்க விடாதீர்கள்.

"காலே வைக்கவில்லை, பிரேக் பம்ப் அடிக்கடி ஓடுகிறது"

இங்கேதான் கவனம். டொயோட்டா ஹைப்ரிட்டில் டிரைவர் கதவைத் திறந்ததும் முன்பக்கம் "விர்ர்" என்று சில விநாடி ஓடி நிற்பது இயல்பு. பிரேக் பம்ப் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. ரெடி விளக்கு எரிய வண்டியை நிறுத்தி வைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஜன்னலை இறக்கிக் கேளுங்கள். தொடவே இல்லாமல் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை பம்ப் ஓடி ஓடி நின்றால், சேர்த்த அழுத்தம் எங்கோ கசிகிறது. ஆயில் வெளியே சொட்டாமலே, பிரேக் அழுத்தத்தைப் பங்கிடுகிற ஆக்சுவேட்டருக்குள்ளேயே கசியும். அதனால் தரையில் ஈரம் இல்லை என்று நிம்மதி அடையக்கூடாது. ஸ்கேனரில் C1391 என்ற கோளாறு எண் வந்தால் அக்யூமுலேட்டர் (அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிற கலன்) பக்கக் கசிவு, C1256 வந்தால் அழுத்தம் குறைவு.

பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவது, சிவப்பு பிரேக் விளக்கோடு விடாத பீப் சத்தம், இவை வந்தால் ஓட்டாதீர்கள். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். 2009-ல் தயாரான பிரியஸ், லெக்ஸஸ் எச்எஸ்250எச் கார்களில் அக்யூமுலேட்டரின் நைட்ரஜன் வாயு பிரேக் ஆயிலுக்குள் கசிய வாய்ப்பிருந்ததால் 2013 ஜூனில் சுமார் 2,42,000 கார்களை டொயோட்டா திரும்ப அழைத்தது. வாயு கலந்த ஆயில் அமுங்கும், அமுங்கினால் பெடல் தாழும், நிற்கும் தூரம் நீளும். ரீஜென் இருக்கிறதே என்று இதில் தைரியம் கொள்ள முடியாது. ரீஜென் வேகத்தைத் தணிக்கும், ஆத்திர அவசரத்தில் வண்டியை நிறுத்துவது ஹைட்ராலிக் மட்டுமே.

எல்லா விளக்கும் மொத்தமாக எரிந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். ஏபிஎஸ், பிரேக், ஹைப்ரிட் சிஸ்டம், ஸ்டியரிங் என்று கிறிஸ்துமஸ் மரம் போல் எரிவது பல சமயம் சாதாரண 12 வோல்ட் பேட்டரி சோர்ந்ததால் வருவது. வண்டி அணைந்திருக்கையில் அதன் வோல்டேஜ் 12-க்குக் கீழே இருந்தால் ஆக்சுவேட்டருக்கு லட்ச ரூபாய் எஸ்டிமேட் வாங்கும் முன் அதைச் சரி பாருங்கள்.

பேட் மாற்றும்போது

வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, காலிப்பர் கழன்றிருக்கும்போது டிரைவர் கதவைத் திறக்கவோ சாவியோடு வண்டிக்குள் ஏறவோ கூடாது. பம்ப் விழித்துக்கொண்டு பிஸ்டனை வெளியே தள்ளும், விரல் உள்ளே இருந்தால் நசுங்கும். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலை ஆரம்பிப்பது பத்திரம். இரண்டு, பிரேக் ஆயில் மாற்றும்போது பழைய மாருதிக்குச் செய்வதுபோல ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிள் திறக்கிற முறை பல டொயோட்டா ஹைப்ரிட்களுக்குப் போதாது. ஸ்கேனர் வைத்து பம்பையும் வால்வையும் இயக்கித்தான் காற்றெடுக்கணும். "ஸ்கேனர் எதுக்கு சார், நான் பார்த்துக்கிறேன்" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு ஷெட் பாருங்கள்.